சிவப்பு வாங்கிய பள்ளி

ராதிகா பாலக்கோட்டுக்காரர். அப்பா தக்காளி மண்டியில் கூடை தூக்கியவர். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன ராதிகா, பதவி உயர்வில் வத்தல்மலை மேலே ஒரு சின்னத் தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனார். "மலைக்கா? டிரான்ஸ்பருக்கு எழுதிக் குடுத்துட்டு பஸ் ஏறுங்க" என்றார்கள் உடன் வேலை பார்த்தவர்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஒரு இடம் இரண்டு வருடமாகக் காலி. ஐந்து வகுப்புக்கும் ராதிகா ஒருவரே ஓடினார்.

ஆண்டுக்கொரு முறை வெளியாள் ஒருவர் வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். அதை வைத்துப் பள்ளிக்கு ஒரு நிறம் கிடைக்கும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. போன வருடம் சிவப்பு. இந்த வருடமும் சிவப்பு வந்தால் அடிவாரத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்று ஆய்வுக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. இணைத்தால் மலைப்பாதையில் தினமும் இறங்கி ஏற வேண்டும். முதலில் நிற்கப்போவது பெண்பிள்ளைகளின் படிப்பு. ராதிகா இதைப் பெற்றோர் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னார்.

மதிப்பீட்டு நாள் சாமை அறுப்புக் காலத்தில் வந்து விழுந்தது. அன்று காலை பள்ளிக்குள் நுழைந்த ராதிகா, மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த நான்கு பெரிய பிள்ளைகளைப் பார்த்தார். வாசலில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி கருப்பி சிரித்த முகத்தோடு நின்றார்.

"கருப்பி, இதுங்க யாரு?"

"நம்ம ஊரு புள்ளைங்கதாங்க டீச்சர். கீழ ஆஸ்டல்ல படிக்குதுங்க. காய்ச்சல்னு சொல்லிக் கூட்டியாந்தோம்."

"எதுக்கு?"

"மூணாங்கிளாசு புள்ளைங்க சாமக்காட்டுல குருவி ஓட்டுதுங்க. அதுங்களுக்கு மாத்தாளு."

மலையில் ஒரு வீட்டு அறுப்புக்கு இன்னொரு வீடு ஆள் அனுப்பும். வர வேண்டியவருக்கு முடியவில்லை என்றால் மாற்றாள் வருவார், அவர் செய்த வேலை அந்த வீட்டின் கணக்கிலேயே சேரும். அதில் ஏமாற்று எதுவும் கிடையாது, அது மரியாதை. பள்ளிக்கு ஒரு கஷ்டம் என்றதும் ஊர் தனக்குத் தெரிந்த உதவியைச் செய்துவிட்டது.

ராதிகா வாயைத் திறக்காமல் இருந்தால் பச்சை நிச்சயம். "சுமாரா படிக்கிறவங்கள அன்னைக்கு வூட்லயே இருக்கச் சொல்லிடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான்" என்று இன்னொரு பள்ளித் தலைமை ஆசிரியை முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தார்.

"மாத்தாளு அறுத்தா சாம உன் வூட்டுக்கு வரும். இதுங்க வாசிச்சா, வாசிப்பு உன் மவ சந்தியாவுக்கு வருமா?" என்று கருப்பியைக் கேட்டார் ராதிகா.

கருப்பியின் புருஷன் தீர்த்தன் குறுக்கே வந்தார். "பச்ச வருமில்லங்க டீச்சர்? ஸ்கூலு நிக்குமில்ல?"

"பச்ச வந்த ஸ்கூலுக்கு இன்னொரு டீச்சர் எதுக்குன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கீங்க?"

 கருப்பி புருஷனை ஒரு பார்வை பார்த்தார். "நின்னுட்டு இருக்கியே, போய் புள்ளைங்கள கூட்டியா. குருவிய நீ ஓட்டு."

அதற்குள் மதிப்பீட்டாளர் மாதவராஜ் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். ஆசிரியர் பயிற்சியை இன்னும் முடிக்காத இளைஞர். "பசங்க ரெடியா இருக்காங்களே. ஆரம்பிச்சிடலாமா மேடம்?"

"இவங்க என் பசங்க இல்லைங்க. அவங்க காட்டுல இருந்து வர்றாங்க. கொஞ்சம் பொறுங்க."

"எனக்கு இவங்க யாருன்னு தெரியாதே மேடம். நீங்க சொல்லலன்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

"அதனாலதான் சொல்றேன்."

தலைமுடியில் சாமைத் தூசியோடு பிள்ளைகள் வந்தார்கள். சந்தியா வரிக்குக் கீழே விரலை வைத்து வாசித்தாள். சில வரிகள் ஓடின, ஒரு நீண்ட சொல்லில் நின்றாள், எழுத்துக் கூட்டி மேலே போனாள். கழித்தலில் கடன் வாங்க மறந்தாள். மற்ற மூவரும் ஏறக்குறைய அப்படியே. நிறம் சிவப்பு.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் சிவப்புப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களை எழுப்பி நிற்க வைத்தார்கள். கல்வி அதிகாரி ராதிகாவைப் பார்த்து, "மலைப் பசங்களுக்கு இவ்வளவுதான் ஏறும்னு விட்டுட்டீங்களா?" என்றார்.

இப்படிக் கேட்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிறந்த இடம் மூளையின் அளவைத் தீர்மானிக்கும் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. பாடம் நடத்த ஆள் இல்லாத வகுப்பில் பாடம் ஏறாது என்பதற்கு அறிவியலும் தேவையில்லை.

ராதிகாவின் குரல் உயரவில்லை. "சிவப்பு சரிதான் சார். மார்க்குல எந்தத் தப்பும் இல்ல. ஜூன்ல எழுத்தே தெரியாத பொண்ணு இப்ப வரி வாசிக்கிறா. அஞ்சு கிளாசும் ஒருத்தியா எடுத்து இவ்வளவு வந்திருக்கு. எங்களுக்கு நிறம் போட்டீங்க. ரெண்டு வருஷமா ஆள் போடாததுக்கு யாருக்கு என்ன நிறம் சார்?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "உக்காருங்க மேடம்" என்றார் அதிகாரி. ராதிகா உட்காரவில்லை. பக்கத்தில் நின்றிருந்த பொம்மிடிப் பக்கத்துத் தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "எங்க ஸ்கூல்லயும் ஒரு போஸ்ட் காலி சார்." அவருக்குப் பின்னால் இன்னொருவர் கை தூக்கினார். அதன் பிறகு கூட்டம் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, காலியிடங்களைப் பற்றித்தான் பேசியது. பச்சை வாங்கியவர்கள் மட்டும் வாய் திறக்க வழியின்றி உட்கார்ந்திருந்தார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்தபோது ஆணை வந்தது. இணைப்புப் பேச்சு நின்றது. தர்மபுரியிலிருந்து உமைரா என்ற இளம் ஆசிரியை மாற்றுப் பணியில் வந்தார். வளைவுப் பாதையில் பஸ் குலுக்கிய குலுக்கலில் முகம் வெளுத்துப் போய் இறங்கியவருக்குக் கருப்பி சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"நாளைக்கு ஓடிப் போயிர மாட்டீங்களே?"

"பஸ் நாளைக்கும் இப்படித்தான் குலுக்குமா?"

"தெனமும்ங்க."

உமைரா வாயைக் கொப்பளித்துவிட்டு ராதிகா பக்கம் திரும்பினார். "எனக்கு எந்த கிளாஸ் மேடம்?"

"மூணு" என்றார் ராதிகா. "கழித்தல்ல இருந்து ஆரம்பிங்க."