லட்சம் கல்லும் ஒரு மில்லியனும்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் லட்சம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்த அளவுக்குப் படித்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அதை எழுதியிருப்பார்கள். நான் அதை அடுக்கி, அதன் மேல் ஏறி நின்றிருக்கிறேன். பாலவனத்தம் பக்கம் எல்லாரும் முப்பதாயிரம் செங்கலுக்குச் சூளை போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே சூளையில் லட்சம் கல் சுட்டவன் நான். எத்தனை வண்டி கருவேல விறகு தின்றதோ தெரியாது. பிரித்தபோது உடைசல் ஆயிரம்கூட இல்லை.

அன்றிலிருந்து என் பெயரே லட்சத்தார்தான். திருச்சுழிக்குப் பக்கத்தில் என் மாமனார் ஊர். அங்கே பங்குனிப் பொங்கலுக்குப் போனால், "லட்சத்தார் வந்துட்டாக, வழி விடுங்கப்பா" என்று மைக்கில் சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே கூட்டம் சேர்ந்த பிறகு போவேன்.

இந்த வருஷமும் அப்படித்தான் போனேன். மைக்கில் சொன்னார்கள், ஆனால் என்னை இல்லை. "மில்லியன் மாமா வந்திருக்காக" என்றார்கள். அது என் சகலை, மனைவியின் தங்கை வீட்டுக்காரர். வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவர், வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி ஆட்டுக்கால் சூப்பு வைத்து, அதை செல்போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். ஒரு மில்லியன் பேர் பார்த்தார்களாம். ஊரே அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், மில்லியன் என்றால் எவ்வளவு என்று மனைவியிடம் கேட்டேன்.

"பத்து லட்சமாம். தங்கச்சி சொன்னா" என்றவள் அதோடு விடவில்லை. "நீங்க பத்துச் சூளை போடணும்ல."

அருப்புக்கோட்டை வருவதற்குள் விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு பெரிய சூளை, இருபது வருஷம். இருபது லட்சம். அப்படியானால் நான் எப்போதோ இரண்டு மில்லியன்!

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிப் போய்ச் சகலையிடம் அதைச் சொன்னேன். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கையைத் துடைத்துக்கொண்டு செல்போனைக் காட்டினார்.

"அண்ணே, அது மூணாயிருச்சு. தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள ஏறிருச்சு."

நான் இருபது வருஷம் வெந்தது, அவருக்குத் தூக்கத்தில் வந்திருக்கிறது.

போனை வாங்கிப் பார்த்தேன். சட்டிக்குப் பின்னால் அவர் வீட்டுச் சுவர், பூசாத சுவர். அவர் வீடு கட்டும்போது நான் இறக்கிய கல். என் கல்லின் சிவப்பு எனக்குத் தெரியாதா?

"தம்பி, இதையும்தான மூணு மில்லியன் பேரு பாத்திருக்கான்? அடுத்த வீடியோவுல, இது யாரு கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"சுவத்த யாருண்ணே பாக்குறான்? பாத்த ரெண்டு பேரும் அசிங்கமா இருக்குன்னு எழுதிட்டான். வெள்ளிக்கிழம பூச ஆள் வருது."

படத்தை நிறுத்திவைத்து, அவர் தலைக்கு மேலே தெரிந்த கல்லை எண்ணினேன். நூற்று நாற்பத்தேழு.

சுவரைப் பூசிவிட்டார்கள். வெள்ளையும் அடித்தாயிற்று. இப்போது தினமும் மனைவியிடம், அந்தப் பழைய வீடியோ எத்தனை மில்லியன் ஆச்சு என்று கேட்கிறேன். பொறாமையில் கேட்பதாகச் சொல்கிறாள். பொறாமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அது இன்னும் ஏற வேண்டும். அதில் மட்டும்தான் என் கல் வெளியே தெரிகிறது.