கதவுக்கடியில் போன ஏழு பக்கம்

தையல்காரம்மாவிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். புருஷன் பாதியிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, ஒற்றை மெஷினை மிதித்தே மகனைப் பட்டப்படிப்பு வரைக்கும் கொண்டுவந்தாள். அந்த மகன்தான் மூன்று வருஷமாக உள்ளறையைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். கேட்பவர்களிடம், "கப்பல்ல வேலை, லேசுல லீவு கிடைக்காது" என்று கூசாமல் அளந்துவிடுவாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. கத்தினாள், அழுதாள், அந்த அறைக்குப் போகிற ஃபியூஸைப் பிடுங்கினாள், ஒருநாள் பூரா சாப்பாடே வைக்காமல் பார்த்தாள். அவன் அசைந்தால்தானே! "அம்மா" என்று கூப்பிடக்கூட வேண்டாம், திட்டுவதற்காவது வாயைத் திறந்தால் போதும் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

இந்த லட்சணத்தில், அவள் தங்கச்சி விலாசம் கொடுத்தாள் என்று ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். வருஷக்கணக்காக அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்களைப் பற்றிப் பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறதாம்.

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல. நடையைக் கட்டு."

"எல்லா நாட்டுலயும் அம்மாங்க முதல்ல இதைத்தாம்மா சொல்றாங்க."

"ஓஹோ! ஊர் ஊராப் போய் யார் யார் மானம் போச்சுன்னு எண்ணிட்டு வர்றியா?"

அந்தப் பெண் மசியவில்லை. ஏழு பக்கக் கேள்வித்தாளை மகனிடம் சேர்த்தால் போதும் என்றாள்.

"கதவுக்கடியில தள்ளிக்கோ. எலி தொட்டாலும் தொடும், அவன் தொடமாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா மெஷினில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் தாள்களை உள்ளே தள்ளிவிட்டு அந்தக் கதவோரமே காத்திருந்தாள். பதினோரு காலர் முடிந்திருக்கும். சரசரவென்று காகிதம் வெளியே வந்தது.

விழுந்தடித்து ஓடினாள். அதற்குள் அந்தப் பெண் தாள்களைப் புரட்டிப் பார்த்து உறையில் போட்டுவிட்டாள்.

"குடு இங்க."

"முடியாதும்மா."

"நான் பெத்த புள்ளடி அவன்! மூணு வருஷமா எனக்கு ஒரு எழுத்து கிடைக்கல. இன்னைக்கு வந்த நீ பையில போட்டு எடுத்துட்டுப் போவியா? வெக்கமா இல்ல?"

"குடும்பத்துல யாருக்காவது காட்டலாமான்னு கடைசியில ஒரு கேள்வி இருக்கும்மா. வேண்டாம்னு எழுதியிருக்கார்."

தையல்காரம்மா கத்தரிக்கோலை மேஜைமேல் ஓங்கி அடித்தாள். "கையெழுத்தாவது ஒழுங்கா வருதா அவனுக்கு? அதையாவது சொல்லித் தொலை."

அந்தப் பெண் தயங்கினாள். "நல்லாவே எழுதியிருக்கார். விட்ட இடம் பத்தாம, பின்பக்கமெல்லாம் எழுதியிருக்கார்."

தையல்காரம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பிள்ளைக்குப் பேச்சே மறந்துபோய்விட்டது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் மனசைத் தேற்றிவந்தாள். அந்தப் பாவிக்குப் பக்கம் பக்கமாகச் சொல்ல இருந்திருக்கிறது, பெற்றவளிடம் சொல்லத்தான் ஒன்றும் இல்லை.

"வெளியே போ" என்றாள். அந்தப் பெண் செருப்பை மாட்டுகிற வரைக்கும் முறைத்துக்கொண்டே நின்றாள். "மறுபடி எப்ப வருவே?"

"ஆறு மாசம் கழிச்சும்மா."

"அடுத்த வாரமே வந்து தொலை" என்று சொல்லி, கதவை அவள் முகத்துக்கு நேரே அறைந்து சாத்தினாள்.