குன்வோர் ஓட்டிய உப்பு லாரி

குன்வோருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். இருபத்திரண்டு குளிர்காலம் உப்பு லாரி ஓட்டியவளின் காது, கடைசிக் குளிர்காலம் முழுக்கச் சிவந்தபடியேதான் இருந்தது. இருக்காதா பின்னே?

ஊரில் பால் தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. வேலை தேடி த்ரோண்ட்ஹைம் நகரத்துக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். "போய்த் தொலையட்டும்" என்று சொல்லிவிட்டு லாரி லைசென்ஸ் எடுத்தாள். பனி விழுந்தால் விடியுமுன் கிளம்புவாள். முன்னால் தகடு பனியை ஒதுக்கும், பின்னால் மிச்சப் பனியை உருக்க உப்பு சிதறும், நடுவில் இவள் உட்கார்ந்து ஏரிக்கரைச் சாலையைத் திட்டிக்கொண்டே போவாள். ஏழு மணிக்குச் சாலை கறுப்பாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊரே போன் பண்ணும்.

"குன்வோர், எங்க வளைவு இன்னும் வெள்ளையா கிடக்கே, தூங்கிட்டியா?"

"கூட ரெண்டு கை போடேன், உங்க அப்பன் வீட்டு உப்பா?"

அவளும் போட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிப் போட்டு நல்ல பெயர் வாங்கினாள். அதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு ரோய்வாட்னே ஏரிதான். அதில் ரோயே என்றொரு மீன் இருந்தது. வயிறு செக்கச்செவேலென்று இருக்கும். ஆழத்துக் குளிரில்தான் பிழைக்கும். ஒன்பது வயதிலிருந்து உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டில் இறக்கியவள் அவள். புருஷன் விட்டுப் போன வருடம்கூட வாரம் தவறாமல் இரண்டு மீனாவது கொண்டுவந்து வெண்ணெயில் வறுத்துத் தின்றாள். அந்த மீன் அடியோடு காணாமல் போயிற்று. மூன்று குளிர்காலமாக ஒருவர் தூண்டிலிலும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஊர் என்ன செய்தது? நீர்க்காகத்தைத் திட்டியது, நீர்நாயைத் திட்டியது. மீன்பிடிச் சங்கத் தலைவன் எம்ப்ரிக், குன்வோரோடு ஒரே வகுப்பில் படித்தவன், பறவைகளைச் சுட அனுமதி கேட்டு மனுவே போட்டுவிட்டான்.

அக்டோபரில் இல்வா என்ற பெண் ஏரித் தண்ணீரைச் சோதிக்க வந்தாள். படகில் துடுப்புப் போட ஆள் வேண்டும் என்றாள். குன்வோர் போனாள். முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஏறி வந்த பாட்டிலைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது.

"ஏரி வருஷத்துக்கு ரெண்டு தடவை தன்னைத்தானே கிண்டிக்கும் அக்கா. மேல இருக்கிற காத்து அப்பதான் அடிவரைக்கும் போகும். இங்க உப்புத்தண்ணி கனமா போய் அடியில படுத்துக்கிச்சு, எழுந்திருக்கவே மாட்டேங்குது. கீழ மூச்சு விட வழியில்ல."

"எங்கேருந்து வந்த உப்பு?"

இல்வா கரையிலிருந்த சாலையைப் பார்த்தாள்.

"அட, சொல்லும்மா. நான் போட்டதுதானே?"

குன்வோர் அன்றே தன் முதலாளியான சாலை ஒப்பந்தக்காரரிடம் போய் நின்றாள். ஏரிக்கரையில் இரண்டு கிலோமீட்டருக்கும், ஏரிக்கு இறங்கும் சரிவுக்கும் உப்புக்குப் பதில், வழுக்காமலிருக்க மணல் போடலாமா என்று கேட்டாள். ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் அவர். ஒரு கடிதம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சங்கக் கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்டாள்.

"மணலா?" என்றான் எம்ப்ரிக். "செருப்புல ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வரும். இப்பதான் புது மரத்தரை போட்டிருக்கேன், கோடு கோடா கீறிடும்."

"ஏரி செத்துக்கிட்டு இருக்குடா. உனக்குத் தரைதான் பெருசா?"

"உப்புல மீன் கெட்டுப்போனதா சரித்திரமே கிடையாது, குன்வோர். நம்ம உப்புல ஊறப்போட்ட ஹெர்ரிங் மீன் பீப்பாயைக் கேட்டுப் பாரு!"

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டெடுப்பில் நாற்பது பேரில் நான்கு கைதான் உயர்ந்தது, அதில் ஒன்று அவளுடையது.

மார்ச் மாதம் பனிக்கட்டி மீன்பிடிப் போட்டி. மீனே இல்லாத ஏரியில் போட்டி! வெட்கம் வேண்டாமா? அன்று காலை எம்ப்ரிக் போன் பண்ணினான்.

"வெளியூர்க்காரங்க இருநூறு பேர் வர்றாங்க. சரிவுல தாராளமா போட்டு விடு. எவனாவது இடுப்பை ஒடிச்சுக்கிட்டா மானம் போயிடும்."

"தாராளமாவா?"

"கஞ்சத்தனம் பண்ணாத. உப்பு யாரைக் கடிக்கப்போகுது?"

குன்வோர் மூன்று டன் ஏற்றினாள். சரிவுக்குப் போகவில்லை. நேரே எம்ப்ரிக் வீட்டு முற்றத்துக்குள் லாரியைப் பின்னால் எடுத்துக் கிணற்றடியில் நிறுத்தினாள். லாரியின் உப்புத் தொட்டியைத் தூக்கி மொத்தத்தையும் சாய்த்தாள். சத்தம் கேட்டு எம்ப்ரிக் காலுறையோடு பனியில் ஓடிவந்தான்.

"பைத்தியமாடி உனக்கு? கிணறு! கிணத்துல இறங்கிடும்!"

"என்ன இறங்கும்?"

"உப்புடி, உப்பு!"

"யாரைக் கடிக்கும்னு கேட்டியே, தலைவரே?"

"நாங்க குடிக்கிற தண்ணி அது!"

"ஓ! அப்ப உனக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் சிரிச்சிருக்க."

அவன் போனை எடுத்து ஊரைக் கூப்பிட்டான். கூலி வாங்காமல் ஊரார் சேர்ந்து செய்யும் வேலைக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்வது அந்த ஊரில் அசிங்கம். போட்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த நாற்பது பேர் கால் மணி நேரத்தில் ஏரியிலிருந்து ஓடிவந்தார்கள். தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஷவல், துடைப்பம், தார்ப்பாய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் பொறுக்கியவர்களும் உண்டு. நடுவில் ஒப்பந்தக்காரரே வந்து, அவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றார். கொடுத்துவிட்டாள்.

"இவ்வளவு வேகமா உங்களால வர முடியுமா?" என்று கத்தினாள். "ஒரு கடிதாசி கேட்டேன். ஒரே ஒரு கடிதாசி! ஒருத்தனுக்கும் பேனா தூக்கக் கை வரல!"

யாரும் நிமிரவில்லை. பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த பெண் மட்டும், "கொஞ்சம் நகரு குன்வோர், உன் காலடியில இன்னும் கிடக்கு" என்றாள்.

ஒன்றரை மணி நேரத்தில் கிணற்றடி சுத்தமாகிவிட்டது. அள்ளிய உப்பை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. வீணாக்கக் கூடாதே! தார்ப்பாய்களை ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்துப் போய், ஏரிக்கு இறங்கும் சரிவில் ஒரு பிடி மிச்சமில்லாமல் பரப்பினார்கள். போட்டி மத்தியானம் தொடங்கியது. ஒருவர்கூட வழுக்கி விழவில்லை.