பாக்கியம் நடந்த பத்து மீற்றர்

போன கிழமை கண்டியில் ஒரு பெரிய கடையின் கழிப்பறைக்குள் போனேன். அப்போதுதான் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். வாடை மூக்கில் ஏறியதும் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்துவிட்டேன். மற்றவர்களுக்கு அது சுத்தத்தின் வாசம். எனக்கு அது, யுத்த காலத்தில் நான் வேலை பார்த்த கிளினிக்கின் தரை.

கண்டி நகரை அடுத்து, பழைய பங்களா ஒன்றில் நடந்த தனியார் கிளினிக் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அங்கே பிசியோதெரபிஸ்ட்டாகச் சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் என்னையே பக்கவாட்டில் பார்த்துக்கொள்கிற வயது. கழுத்தில், விளையாட்டு வாத்தியாரின் விசில் மாதிரி, ஒரு ஸ்டொப்வோச் தொங்கும்.

தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் நோயுள்ளவர்களைப் பெரிய டொக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவழைப்பார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். வந்தவர்கள் தரையிலிருந்து எழும்ப வேண்டும், நாலு படி ஏற வேண்டும், பிறகு ஒரு சிவப்புக் கோட்டிலிருந்து மற்றதுவரை பத்து மீற்றர் நடக்க வேண்டும். நான் நேரம் பார்த்துச் சொல்வேன், அவர் கொப்பியில் எழுதுவார். வினாடிகள் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், நடை சீக்கிரம் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லலாம். சோதனையில் பிழையில்லை. அதை இன்றும் சொல்வேன்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பாக்கியம் வருவாள், அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. இருபத்திரண்டு வயது. எழும்புவதற்கு முதலில் குப்புறத் திரும்பிக் கைகளை ஊன்றுவாள். பிறகு முழங்கால், தொடை என்று தன் உடம்பின் மேலேயே கைகளால் ஏறி நிமிர்வாள். டொக்டருக்கு அதைக் காட்டுவதில் ஆசை. யாராவது டொக்டர்மார் வந்திருந்தால் "இன்னொருக்கா" என்பார். ஈரம் காயாத தரையில் அவள் மறுபடியும் உட்காருவாள். ஒருநாள் மூன்று தரம் செய்வித்தார்கள். பட்டிஸ் தின்ற எண்ணெய் விரலால் அவர் கொப்பியைப் புரட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "எத்தன சார் வந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்கு பிள்ளை. பயிற்சி செய்தா சரியாயிடும்."

அது டொக்டரின் கட்டளை. "உண்மையைச் சொன்னால் மனம் விட்டிடுவாள். பிறகு அளவெல்லாம் பழுதாப் போயிடும்" என்றிருந்தார். வெளிநாட்டில் அவர் வாசிக்க இருந்த கட்டுரைக்கான அளவு.

அவர்கள் ஊருக்குப் போகும் வழியில், மடவளையில் நான் அறை எடுத்திருந்தேன். ஒருநாள் சோதனை முடிந்து மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம். பாலத்தடியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, நடந்துபோய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். வயிற்றை முன்தள்ளி, இடுப்பை ஆட்டி நடந்த பாக்கியத்தைக் கண்டதும், இடுப்பில் எதையோ கட்டியிருக்கிறாள் என்று ஒரு சிப்பாய்க்குச் சந்தேகம். பெண் பொலிஸ் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்ற பிறகும் அவன் விடவில்லை. நடிக்கிறாள் என்றான். ரோட்டில் உட்காரச் சொன்னான். எழும்பச் சொன்னான். கைகொடுக்கப் போன அண்ணனைத் துவக்கால் தள்ளினான். அவள் கைகளை ஊன்றி, முழங்கால், தொடை என்று ஏறினாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னொரு தரம் என்று சிங்களத்தில் சொன்னான்.

என் கையில், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதிய அடையாள அட்டை. வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லும் சமாதானம் அது. ஆனால் இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் அப்போது மனதுக்குள் வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் எடுத்ததைவிட ஆறு வினாடி கூட என்றுகூடக் கணக்குப் பார்த்தேன். தூ.

பஸ்ஸில் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சிறு கற்களைத் தட்டிவிட்டபடி அவள் கேட்டாள். "காலையில எத்தன சார் வந்துச்சு?"

இந்தமுறை எண்ணைச் சொன்னேன். அதன் அர்த்தத்தையும் சொன்னேன். "ஒரு வருசம், பாக்கியம். கூடினா ரெண்டு. பிறகு நடக்கேலாது."

பஸ் மடவளைக்கு வந்தது. நான் இறங்க எழும்பியபோதுதான் சொன்னாள். "அக்கா தோட்டத்து மேல் டிவிசன்ல இருக்கு சார். அங்க வண்டி போவாது, படிதான். அதுக்குப் புள்ள பொறந்து மூணு வருசமாச்சு, நான் இன்னும் பாக்கல. நல்லானதும் போவோம்னு இருந்தேன். நீங்கதானே சரியாயிரும்னு சொன்னீங்க."

குரலில் கோபம்கூட இல்லை.

அடுத்த தவணைக்கு அண்ணன் மட்டும் வந்தான். "தங்கச்சி ஒங்ககிட்ட சொல்லிட்டு வரச் சொல்லிச்சு சார். அடுத்த வாரமே அக்கா வீட்டுக்கு ஏறிருச்சு. காலையில தொடங்கி அந்தியிலதான் போய்ச் சேந்துச்சு. தூக்குறேன்னேன், விடல. இனி எறங்க மாட்டேன்னு அங்கயே இருந்துருச்சு."

டொக்டரிடம் சொன்னேன். கொப்பியில் அவள் பெயரைக் குறுக்கே வெட்டினார். "நல்ல கேஸ். வீணாப் போச்சு" என்றார். அதன் பிறகும் ஒரு வருடம் அதே தரையில் நின்று நேரம் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்த பங்களா இல்லை. சாவடி இருந்த இடத்தில் செவ்விளநீர் விற்கிறார்கள். டொக்டர் செத்தபோது பத்திரிகையில் அரைப்பக்கம் புகழ்ந்திருந்தார்கள். ஒருமுறை மடுல்கெல்ல போய் மேல் டிவிசனுக்கு வழி கேட்டேன். அங்கே ஆளில்லை, லயன் வீடுகளெல்லாம் விழுந்து காடாகிவிட்டது என்றார் கடைக்காரர். பாக்கியம் என்ற பெயர் அவருக்குத் தெரியவில்லை. கூட வந்து படிகளைக் காட்டினார். பத்துப் பதினைந்து படிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேலே பற்றை.