உளுந்துக்கு ஏற்ற நிலம்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். செயற்கைக்கோள் படத்தை வைத்து, உளுந்து விளைய ஏற்ற நிலம் எது என்று சொல்வதுதான் என் ஆய்வு. நிலம் உள்ள வீட்டில் பிறந்திருந்தும் உளுந்தை நான் அதுவரை இட்லியாகத்தான் அறிந்திருந்தேன்.

மண், சரிவு, நீர் வடியும் தன்மை என்று ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு வரைபடம் போட்டு, மதிப்பெண் கொடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டுமே, சாலை எவ்வளவு பக்கம் என்பதையும் சேர் என்றார் பேராசிரியர். வில்லியனூர் பக்கம் எங்களுக்கிருந்த நிலம் சாலையை ஒட்டியே கிடந்தது. உடனே எனக்கு அறிவியல்மீது பக்தி வந்துவிட்டது.

காரணம் இருந்தது. அப்பாவுக்கு இடுப்பு வலி, நடவுக்கு ஆளும் கிடைப்பதில்லை. நிலத்தை மனை போடுபவர்களுக்கு விற்றுவிடலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார். அது கைவிட்டுப் போவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. இத்தனைக்கும் அங்கே நான் ஒரு களைகூடப் பறித்ததில்லை. நெல்லுக்குப் பதில் உளுந்து போட்டால் தண்ணீரும் ஆளும் குறைவாகப் போதும், வரைபடத்தைக் காட்டினால் மனம் மாறிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் நிலம் அடர்பச்சையில் வந்தது. மிகவும் ஏற்றது! பெரிய தாளில் வண்ணத்தில் அச்செடுத்து, பேருந்தில் யாரும் இடித்துவிடாமல் கைக்குழந்தை போலக் காப்பாற்றி, உழவர்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் அப்பாவோடு மனைத் தரகர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நல்லதாயிற்று, இவரும் கேட்கட்டும் என்று தாளைத் தரையில் விரித்துப் பாடம் நடத்தினேன். மேடுபள்ளம் இல்லை, மழை பெய்தால் தண்ணீர் தேங்காது, சாலை பக்கத்திலேயே இருக்கிறது என்று அடுக்கினேன்.

தரகர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தண்ணி நிக்காதா? மெய்யாலுமா பாப்பா?"

"நிக்கவே நிக்காது," என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அண்ணே, பார்ட்டிகிட்ட பேசி வெலைய ஏத்திக் குடுக்கச் சொல்றேன். இந்தப் படத்த மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. மனை வாங்க வர்றவங்க மொதல்ல கேக்கறதே இதத்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பரீட்சைகளில் தேறிய நாள்களில்கூட அவர் முகத்தில் அப்படியொரு பெருமையைக் கண்டதில்லை.

"எம் பொண்ணு போட்டது," என்றார் தரகரிடம்.

உளுந்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. தாளை நானே சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, தரகர் கையில் கொடுத்தேன்.