டேவிட்டுக்குக் கொடுத்த சாரம்

என்னை முதலில் தெருவில் விட்டவர் என் மனைவியின் தமையன் இராசநாயகம். நான் லண்டனுக்கு வந்த முதல் மார்கழியில், வீட்டில் இடமில்லை என்று பெட்டியோடு வெளியே அனுப்பினார். பிறகு டூட்டிங்கில் உள்ள தன் சலவைக் கடையில் வேலையும் தந்தார். அதற்காக நான் எதையும் மறந்துவிடவில்லை. சலவைக் கடையில் நிற்பவனுக்கு ஊரார் உடுப்பெல்லாம் தெரியும், உடுத்தவர் கதை தெரியாது. கடைகளில் கால்கடுக்க நிற்பவர்களுக்கு இது விளங்கும்.

மாற்றுடுப்பு

டேவிட் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் படுக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். காலையில் உள்ளே வந்து சற்று நேரம் சூட்டில் இருந்துவிட்டுப் போவார். எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவேயில்லை. ஒரே ஒரு சோடி உடுப்பு வைத்திருப்பவர் அதை எப்படித் தோய்ப்பார்? பல நாள் யோசித்து, கடைசியில் கேட்டேவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"பாதியைத் தோய்ப்பேன், மற்றப் பாதியைப் போட்டிருப்பேன். முழு ஆளும் ஒரேநாளில் சுத்தமாக இருந்ததில்லை."

முடிச்சு

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு அவரை, வீடில்லாதவர்களுக்கு இடம் ஒதுக்கும் கவுன்சிலில் வரச்சொல்லியிருந்தார்கள். அறை கொடுப்பதா இல்லையா என்று அன்று முடிவாகும். தவறவிட்டால் திரும்ப வரிசையின் கடைசிதான். நாறும் உடுப்போடு போக வெட்கம், போகமாட்டேன் என்றார். அன்று காலை வீட்டிலிருந்து இடுப்பில் கட்டும் என் பழைய சாரம் ஒன்றைக் கொண்டுபோனேன். பின்னறையில் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய உடுப்பு முழுவதும் மெஷினுக்குள் போயிற்று. போர்வை தோய்க்க வந்த மன்னார்ப் பெண் ரீட்டா, வாங்குப்பலகையில் சாரத்தோடு இருந்த டேவிட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"அண்ணை, சாரம் குடுத்தது சரி. கட்டப் பழக்கினது ஆர்? எழும்பினா விழுந்திடும், போய் இறுக்கி விடுங்கோ."

முதலாளி

உடுப்பு டிரையரில் சுழலும்போது இராசநாயகம் வந்தார். தெருவில் படுப்பவர்களை உள்ளே விடக்கூடாது என்பது அவருடைய சட்டம். டேவிட்டைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், ஆளை வெளியே அனுப்பு என்றார். காய இன்னும் அரைமணித்தியாலம் ஆகும், அனுப்பினால் சாரத்தோடுதான் போகவேண்டும், பின்னால் நானும் போவேன் என்றேன். டேவிட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. எழுந்து, முடிச்சைப் பிடித்தபடி கதவடிக்குப் போனார். மச்சான் கதவை மறித்துக்கொண்டு நின்றார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இருக்கச் சொல்லு மச்சான். வெளியில குளிர்."

டேவிட் சூடு ஆறாத உடுப்போடு நேரத்துக்குப் போனார், அறையும் கிடைத்தது. என்னை வெளியே அனுப்பிய அந்த மார்கழிக்காக, அந்த வசனத்தை மச்சான் எனக்கும் ஒருதரம் சொல்லவேண்டும், அது இன்னும் பாக்கி.