கை நனைக்கக் கூடாத வீடு

அரைப்பரீட்சை லீவு விட்டால் அப்பாவுக்கு வீட்டில் கால் தரிக்காது. வருஷம் முழுக்கச் சாக்பீஸ் தூளில் நின்ற பள்ளிக்கூட வாத்தியார், மார்கழிப் பனியில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். திருவண்ணாமலையில் எங்கள் தெருவைத் தாண்டி, மலையைச் சுற்றியிருக்கும் கிராமங்கள் வழியாக நடந்து, ஏதாவது ஒரு பழைய சந்தை ஊரில் போய் நிற்போம். அங்கே நவாபு காலத்துச் சுவர் ஒன்று இடிந்து கிடக்கும். அப்பா அதைத் தடவிப் பார்ப்பார், நான் பொரி வாங்கித் தின்பேன், பஸ் பிடித்து வீடு திரும்புவோம். இதில் என்ன சுகம் என்று அம்மா திட்டுவாள். நடந்து பார்த்தவர்களுக்கல்லவா தெரியும்!

எண்பதுகளின் தொடக்கம். நான் காலேஜில் இரண்டாம் வருஷம். அந்த லீவில் அப்பா போகலாம் என்று சொன்ன வழியைக் கேட்டதுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சந்தை ஊருக்கு முன்னால் ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பையனுக்கு என்னைக் கேட்டு, மாமா மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிலம் உண்டு, கிணறு உண்டு, பையன் தங்கம் என்றார் மாமா. இருக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? நான் படிப்பை முடிக்க வேண்டும். கட்டிக்கொண்டு போனால் புத்தகத்தையெல்லாம் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியதுதான்.

அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. அதுதான் என் பயமே. அவருக்கு யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது. ஓட்டைக் குடையைத் தலையில் கட்டினால்கூட வாங்கிக்கொண்டு வந்து, "பாவம், குடுத்தான்" என்பார்.

"அந்த ஊர் வழியா போவாதீங்க" என்றாள் அம்மா.

"மார்கழியில யாருடி கல்யாணப் பேச்சு எடுப்பாங்க? தை பொறந்தாதான். பயப்படாத."

"பேச்சு எடுக்க மாட்டாங்க. சாப்பிடச் சொன்னா?"

அம்மா கேட்டது சரியான கேள்வி. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு மாட்டேன் என்றால் ஊர் ஊராகப் பேசிச் சிரிப்பார்கள்.

"பச்சத் தண்ணி தொட மாட்டேன். போதுமா?" என்று அப்பா வழியில் என் தலையில் கை வைத்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடி அண்ணாமலையில் குளத்தோரம் உட்கார்ந்து பையைப் பிரித்தோம். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஊசி போட்டுக்கொண்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தவறினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, ஆளே சாய்ந்துவிடுவார். அதற்காகவே அம்மா இட்லியும், ஆபத்துக்கு ஒரு கட்டி வெல்லமும் வைத்திருந்தாள். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரங்கு! பையோடு பிடுங்கிக்கொண்டு புளியமரத்தில் ஏறிவிட்டது. நான் கல்லெடுத்துக் கத்தினேன். அப்பா சிரித்தார்.

"அதுக்கும் பசிதான? வா, சந்தைக்குப் போய் சாப்பிட்டுக்கலாம்."

பௌர்ணமி என்றால் மலை சுற்ற வருகிறவர்களுக்காக அடி அண்ணாமலையில் விடிய விடியக் கடை இருக்கும். மற்ற நாளில் வெயில் ஏறின பிறகுதான் பலகையை எடுப்பார்கள். திரும்பிவிடலாம்பா என்று கெஞ்சினேன். லீவு நாள் நடையைப் பாதியில் விடுவார்களா என்று அவர் முன்னால் நடந்தார். பிடிவாதத்தில் நானும் அவர் மகள்தான். ஆனால் அன்று ஜெயித்தது அவர்.

வாசல்களில் சாணி உருண்டைமேல் பூசணிப்பூ பூத்திருந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் பனி இறங்கியிருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கிராமத்து எல்லையில், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டார். அந்தக் குளிரிலும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அடடே, வாத்தியார் சாரா! எங்க வூட்டத் தாண்டிப் போவலாமா?"

பிள்ளையின் அப்பா. தெருவிலேயே மடக்கி, அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார வைத்தார். நல்ல வேளை, பையன் வெளியூர் போயிருந்தான். அந்த வீட்டம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இலை போட்டார். சூடான இட்லி, வேர்க்கடலைச் சட்னி.

"வேணாங்க. இப்பதான் சாப்ட்டு வந்தோம்" என்றார் அப்பா. நாக்கு குழறியது.

"பேச்சு எடுக்கத்தான் மார்கழி ஆவாது. சாப்பாடு போடறதுக்குமா மாசம் பார்ப்பாங்க? சொம்மா சாப்புடுங்க சார்!"

எமகாதகர். எல்லாம் தெரிந்துதான் சொன்னார்.

அப்பா இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே கட்டிலில் சாய்ந்தார்.

"வெல்லம் இருக்குதாங்க? சீக்கிரம்!" என்று அலறினேன். அந்தம்மா ஓடிப்போய் எடுத்து வந்து, தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். டம்ளரை அப்பாவின் வாயருகே கொண்டுபோனேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"வேணாம்... சொன்னேன்ல..."

எனக்குக் கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தார் மனிதர். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"வாயத் தொறப்பா! நான் கட்டிக்கிறேன். இந்த வூட்டுலயே கட்டிக்கிறேன். குடிச்சித் தொலப்பா!"

வாயைத் திறந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கை நடுக்கம் மெல்ல நின்றது.  பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணே வாயத் தொறந்து சொல்லிட்டுது. இன்னும் இன்னா இருக்குது? தை பொறக்கட்டும், தேதி வெச்சிக்கலாம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னது சொன்னதுதான். என் படிப்பு அந்த டம்ளரோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கை கூப்பினார்.

"உங்க வூட்டு வெல்லத்துலதான் எனக்கு உசிரு வந்துது. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா என் உசிருக்குப் பயந்து அவ சொன்ன வார்த்தைய வெச்சி அவளக் கட்டிக் குடுக்க மாட்டேன். அவ படிக்கணும். இந்தச் சம்பந்தம் வேணாங்க."

ஓட்டைக் குடைக்காரனிடம் வாய் திறக்காத என் அப்பா!

"குடிச்ச வாயி காயல, அதுக்குள்ள இல்லைன்றீங்களா? உண்ட வூட்டுக்கு ரெண்டகம் பண்றீங்களே, நீங்கல்லாம் வாத்தியாரா?" என்று அவர் எகிறினார். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு என் கையைப் பிடித்தார். அத்தனை பேர் நடுவிலும் இறங்கி நடந்தோம்.

தெருமுனையில் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். இன்னும் திட்டு பாக்கி இருக்கிறதா என்று வெடுக்கெனத் திரும்பினேன். அந்தம்மா. மூச்சு வாங்கியது. முந்தானையில் முடிந்திருந்த வெல்லக்கட்டியை அவிழ்த்து நீட்டினார்.

"சந்தைக்குத் தூரம் ஜாஸ்தி. திரும்பத் தல சுத்தினா குடும்மா. அந்த ஆளு கத்திக்கினேதான் இருப்பாரு, நீ போ."

வாங்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். "வாங்கிக்கோ" என்றார்.

அவர்கள் மகனைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்த அம்மாவுக்கு மருமகளாகப் போயிருக்கலாமே என்றுதான் அன்று சந்தை வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.